சீவல் வளையல்

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் பலகையைப் பார்த்தாள். குழந்தை படுத்திருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. தலை, தோள், ஒருக்களித்த இடுப்பு, மடங்கிய முழங்கால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. சுற்றிலும் பலகை அன்றைய வெயிலைக் குடித்துச் சிவந்து கறுக்கத் தொடங்கியிருந்தது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மகோகனியின் குணமே அதுதான். அறுத்து இழைத்த புதிதில் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும், வெயில் படப் படச் சாயம் எதுவும் பூசாமலே கறுத்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் பாலிஷ் போடுவதற்கு முன்னால் பலகைகளைக் கண்ணாடிக் கூரை வேய்ந்த பின்னறையில் வெயில் காய வைப்பார்கள். காயும் பலகைமேல் எதையும் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் ஒரே சட்டம். வைத்தால், வைத்த பொருளின் உருவம் வெளுத்து அப்படியே தங்கிவிடும். அவர்களுடைய சொந்த அலமாரிக் கதவில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவள் மறந்துபோய் வைத்தது. கத்தரிக்கோல் எங்கோ தொலைந்துவிட்டது, அதன் வெளுத்த உருவம் மட்டும் வாயைத் திறந்தபடி இன்னும் கதவில் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தவள்தான். கணவன் தச்சன், அவள் பாலிஷ்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் கைவிரல்களில் அரக்கு வாசனை போனதில்லை. அப்படிப்பட்டவள், தன் பெண் பலகைமேல் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனதைப் பார்த்தும் எழுப்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வண்டு என்று பெயர். ஐந்து வயது. கண் விழித்ததிலிருந்து கண் மூடும்வரை ஏதாவது ஒரு மெட்டை ரீங்கரித்துக்கொண்டே இருப்பாள். "வண்டு அரிக்காத மரம்னு சொல்லி ஊருக்கெல்லாம் விக்கிறேன். என் வீட்டுக்குள்ள பாரு, இது மனுஷனையே அரிக்குது" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அன்று காலையிலிருந்து வண்டு அம்மாவைத்தான் அரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஒரே பலகையில் செய்தது, வார முடிவில் போயாக வேண்டும். ஊறவைத்திருந்த அரக்குப் பாத்திரத்தை வண்டு இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். தரையெல்லாம் பிசின். "ஒரே ஒரு நாள் கட்டை மாதிரிக் கிடயேன்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று அம்மா கத்தினாள். முதுகில் ஓர் அடியும் வைத்தாள். வண்டு அழுதுகொண்டே பின்னறைக்குப் போய், வெயிலில் கதகதத்துக் கிடந்த பலகைமேல் ஏறி, விசும்பி விசும்பித் தூங்கிவிட்டாள்.

வீடு அமைதியானது. அவள் எட்டிப் பார்த்தாள். எழுப்ப வேண்டும் என்று தெரிந்தது. எழுப்பினால் மறுபடி ஆரம்பிக்கும் என்பதும் தெரிந்தது. ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்படி ஒரு நிம்மதியான மத்தியானம் அவளுக்கு வாய்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

இப்போது தோளில் குழந்தை கனத்தது. பலகையில் ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. வண்டு எப்போதும் கன்னத்துக்கு அடியில் முஷ்டியை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், இன்றும் அப்படித்தான் தூங்கினாள். பலகையிலோ ஒரு கை விரிந்திருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாக, எதையோ ஊன்றி எழப் போகிற மாதிரி. தூக்கத்தில் கையை நகர்த்தியிருப்பாள் என்று நினைத்தாள். நகர்த்தியிருந்தால் விளிம்பு மங்கியிருக்கும். இதில் ஒவ்வொரு விரலும் பிளேடால் நறுக்கியது போலத் துல்லியமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விளக்கைப் போட உள்ளே போனாள்.

கணவன் வந்ததும் பலகையைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"என்னம்மா இது, மேசைமேல ஆளை வரைஞ்சு வச்சிருக்க?"

"வண்டு தூங்கிட்டா. எழுப்ப மனசு வரலங்க."

"மனசு வரலையா, எழுந்தா தலையைத் தின்னுடுவாளேன்னு பயமா?"

"ரெண்டும்தான்."

"விடு, விடு. நாலு வீச்சு போட்டாப் போயிடும்."

முன்பக்கப் பட்டறையில் பலகையை ஏற்றி இழைப்புளியை எடுத்தான். மகோகனி நல்ல மரம். வளையாது, முறுக்காது, ஈரத்துக்கு உப்பாது, வெயிலுக்குச் சுருங்காது, எந்தப் பக்கம் செதுக்கினாலும் சொன்னபடி கேட்கும். குழந்தைகள் அப்படி இருந்தால் யாருக்கு என்ன குறை. ஒரே ஒரு முரண்டு மட்டும் அதற்கு உண்டு. நார் ஒரு பட்டை இந்தப் பக்கமாக ஓடினால் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமாக ஓடும். எதிர் நாரில் இழைப்புளி ஏறும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். "மரம் திட்டுது" என்பான் அவள் கணவன்.

இழைப்புளியின் வாயிலிருந்து சீவல்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. வழக்கமாக முதல் சீவல் தரையைத் தொடும் முன்பே வண்டு ஓடிவந்து பிடித்துவிடுவாள். சுருளைக் கையில் மாட்டிக்கொண்டு, முழங்கைவரை வளையல் அடுக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிவாள். வளையல் ஆசை தீர்ந்ததும் அவற்றை மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போடுவது அவளுடைய வேலை. அன்று குழந்தை வாசற்படியிலேயே நின்றது. சீவலைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்தது. கை போகும்போது கூடவே கண்ணும் போயிற்று, திரும்பும்போது கண்ணும் திரும்பியது.

"வண்டு, இந்தா வளையல்" என்று அவன் ஒரு சுருளை அதன் மணிக்கட்டில் மாட்டினான். குழந்தை அதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டது. வளையல் வழுக்கித் தரையில் விழுந்தது.

"தூக்கக் கலக்கம்" என்றான் அவன்.

இரவு குழந்தை கேட்டதைச் சாப்பிட்டது என்று சொல்ல முடியாது, எதுவும் கேட்கவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டது. படுத்ததும் வண்டு அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொள்வாள். சாலையைக் கடக்கும்போது பிடிக்கிற அதே பிடி, எலும்பு நோகும் பிடி. பிடித்துக்கொண்டு தினமும் ஒரு கேள்வி கேட்பாள்: "நாளைக்கும் நீதானே அம்மா?" எங்கிருந்து பிடித்தாளோ அந்தக் கேள்வியை. "நாளைக்கும் நான்தான்" என்று சொன்னால்தான் தூங்குவாள். அன்று விரலையும் பிடிக்கவில்லை, கேள்வியும் இல்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராகப் படுத்திருந்தது. அடித்ததற்குக் கோபம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கப் போனபோது இருட்டிலிருந்து மெல்ல ரீங்காரம் எழுந்தது. வண்டுவின் மெட்டுதான், முதல் அடி மட்டும். அதற்கு மேல் தெரியாததுபோல நின்றுவிட்டது. அதுவே போதும் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பலகை மறுபடி வெயிலுக்குப் போனது. இந்த முறை பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழந்தை நாள் முழுக்க அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒன்றையும் இழுக்கவில்லை, கவிழ்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் அத்தனை ஓசைகள் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உப்புத்தாளின் உராய்வு, குழாயில் சொட்டும் தண்ணீர், பூட்டிய கதவுக்கு அப்பால் வெயிலில் மரம் விட்டு விட்டுச் சொடுக்குகிற சத்தம். டக். டக் டக். மரம் சூடேறினால் சொடுக்கும். ஆனால் மகோகனி சொடுக்காது, அதற்குத்தானே அவ்வளவு விலை. ஒரு கட்டத்தில் குழந்தை தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்துச் சிரித்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தாள். சூடான மரத்தின் இனிப்பு வாசனை முகத்தில் அடித்தது. பலகை நன்றாகக் கறுத்திருந்தது, நடுவில் ஓர் இடத்தைத் தவிர.

அது நேற்றைய உருவம் இல்லை. முழங்காலை மார்போடு இறுக்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, சுருண்டிருந்தது. மேலிருந்து எதுவோ வருகிறது என்று தெரிந்த குழந்தை அப்படித்தான் சுருண்டுகொள்ளும்.

அவள் மண்டியிட்டாள். பாதத்தின் தடத்தைச் சாண் வைத்து அளந்தாள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சரியாக அடங்கியது. வண்டுவின் பாதமும் அப்படித்தான் அடங்கும். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது. பிறந்தபோதே அப்படி. செருப்பு வாங்கப் போனால் அந்த ஒரு விரலால் கடைக்காரனோடு சண்டை. அவள் எழுந்து போய் முக்காலியில் இருந்த குழந்தையின் இடது காலை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

ஐந்து விரல்களும் ஒழுங்காக, நேராக, ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தன.

"என்னங்க!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இங்க வாங்களேன், இவ காலைப் பாருங்க!"

அவன் வந்து பார்த்தான். "காலுக்கு என்ன?"

"சுண்டுவிரல்ங்க. ஏறியிருக்குமே?"

"வளர வளரச் சரியாகியிருக்கும். நல்லதுதானே?" அவன் குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். அவள் அவனைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். அவன் பலகையின் மறுபக்கம் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இங்க ஒண்ணும் தெரியலையே. இந்தப் பக்கம் வா. பார்த்தியா? ஒரு பக்கம் நின்னா வெளுப்பு, இன்னொரு பக்கம் நின்னா கறுப்பு. நார் மாறி மாறி ஓடுற மரம், வெளிச்சத்துல ஜாலம் காட்டும். நீ பார்க்காத மகோகனியா?"

உண்மைதான். அந்தப் பக்கமிருந்து பட்டுப் புடவை போலப் பட்டை பட்டையாக மின்னல் மட்டும் தெரிந்தது. இந்தப் பக்கம் வந்தால் குழந்தை சுருண்டு கிடந்தது. "எனக்காக இன்னொரு வாட்டி இழைச்சிடுங்க" என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே இழைத்தான். எதிர் நாரில் ஏறும்போது இழைப்புளி கீச்சிட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று இரவு குழந்தை மெட்டை முழுதாக ரீங்கரித்தது. இருட்டில் சின்னக் கை ஒன்று துழாவி வந்து அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெல்லப் போர்வையை விலக்கிக் கைபேசி வெளிச்சத்தில் காலைப் பார்த்தாள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்போது எல்லாம் விளங்கியது. அந்த மத்தியானம் மரம் அவள் பெண்ணிடமிருந்து எதையோ எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது. தூங்குகிற குழந்தையை வெயிலில் போட்ட பாவிக்கு அது வேண்டியதுதான். ஆனால் இழைக்க இழைக்க அது திரும்பி வருகிறது. முதல் இழைப்பில் பாட்டு வந்தது, இரண்டாவதில் கால்விரலும் கைப்பிடியும் வந்தன. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்தக் கேள்வியை மட்டும் குழந்தை இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் பலகை மறுபடி வெயிலில் கிடந்தது. இந்த முறை உச்சி வெயிலிலேயே கதவைத் திறந்து பார்த்தாள்.

உருவம் இப்போது படுத்திருக்கவில்லை. பலகையின் நீளத்துக்கு நின்றுகொண்டிருந்தது, அவளைப் பார்த்து. இரண்டு உள்ளங்கைகளும் முகத்துக்கு முன்னால் விரிந்திருந்தன. கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறவர்கள் கையை ஊன்றுவார்களே, அப்படி. விரல் நுனிகளை மட்டும் காணோம். பத்து விரல்களும் முதல் கணுவோடு மழுங்கி நின்றன. உச்சந்தலையும் தட்டையாக இருந்தது. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. வாய் இருந்தது. கறுத்த வட்டமாக. வெயில் உள்ளேவரை பட்டிருந்தால்தான் அப்படிக் கறுக்கும்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இதுக்கு மேல இழைச்சா அது மேசை இல்லம்மா, அப்பளம்" என்றான் கணவன். "டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"வேற பலகை பாத்துக்கலாம். இதை முழுசா எடுத்துடுங்க. ஒரு தடம் மிச்சம் இருக்கக் கூடாது."

"உனக்கு என்ன ஆச்சு?"

"நம்ம பொண்ணு மேல ஆசை இருந்தா செய்யுங்க!" அவள் அவன் காலில் விழப் போனாள். அவன் பதறிப் பின்வாங்கினான். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். குழந்தை வாசற்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் வண்டுவின் சிரிப்பு, கன்னத்தில் குழி விழுகிற சிரிப்பு, ஏறக்குறைய முழுதாக வந்திருந்தது.

இழைப்புளி ஓடத் தொடங்கியது. அவள் மனதை வேறு பக்கம் திருப்ப எண்ணெயும் சீப்பும் குழந்தையின் இருக்கையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். அதே மரத்தில் மிஞ்சிய துண்டில் கணவன் அன்று காலை செய்து வாசல் வெயிலில் போட்டிருந்த குட்டிப் பலகை இருக்கை அது. இன்னும் பாலிஷ் போடாதது. சாப்பிடுகிற நேரம் போகக் குழந்தை காலையிலிருந்து அதில்தான் வெயிலில் உட்கார்ந்திருந்தது. "வா, தலை வாரி விடறேன்" என்றாள். பின்னால் மண்டியிட்டு, சிக்கெடுத்து, வகிடு பிரித்தாள். முடியில் வண்டுவின் வியர்வை வாசனைகூட வந்துவிட்டிருந்தது. முதலில் இல்லாத வாசனை. அவளுக்கு மனம் லேசானது.

கூரைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்த வெயில் இறங்கியது. எதிர்ச்சுவரில் நிழல் விழுந்தது. யார் நிழலைப் பார்க்கிறார்கள்? நமக்கு ஒன்று இருக்கிறது, குழந்தைக்கு ஒன்று இருக்கும் என்று இருந்துவிடுகிறோம். சுவரில் அவளுடைய தலை தெரிந்தது. அவளுடைய கை தெரிந்தது. கையில் சீப்பு. சீப்பு மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போய், இறங்கியது.

வெறும் காற்றில்.

அவள் கையை நிறுத்தினாள். சுவரில் கை நின்றது. கைக்குக் கீழே வெயில்தான் இருந்தது. இந்தப் பக்கம் அவள் விரல்களுக்கிடையில் முடி, எண்ணெய்ப் பிசுக்கோடு, கொத்தாக.

பட்டறையில் இழைப்புளி போய்த் திரும்பியது. சர்ர். சர்ர்.

"எழுந்திரு" என்றாள். "கொஞ்சம் எழுந்திரு கண்ணு."

குழந்தை சொன்னபடி கேட்டு எழுந்தது. அவள் இருக்கையைப் பார்த்தாள். அத்தனை நேரம், அத்தனை வெயிலில், ஒரு குழந்தை உட்கார்ந்திருந்த மகோகனி.

முழுக்கக் கறுத்திருந்தது. ஒரே சீராக. ஒரு நகக்கண் அளவுகூட வெளுப்பு இல்லை.

கத்தரிக்கோல் தடம் விடும். ஒரு கிண்ணம் விடும். ஓர் ஊசி விடும். வெயிலை மறைக்கிற எதுவும் விடும். உடம்பு என்று ஒன்று இருந்தால் விடும்.

அப்படியானால் அந்தப் பலகையில் தடம் விட்டுக்கொண்டிருந்தது யார். உள்ளே இருந்துகொண்டு, நாளெல்லாம் தட்டிக்கொண்டு, தலையை மூடிக்கொண்டு. சுண்டுவிரல் ஏறிய பாதத்தோடு. ஒவ்வொரு இழைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து. அது குறையக் குறைய இது நிறைந்து. அவள் சொல்லித்தான். அவள் காலில் விழப் போய்க் கேட்டுத்தான்.

"அப்பா முடிக்கப் போறார் அம்மா" என்றது குழந்தை.

சர்ர். சர்ர். பிறகு கீச்சென்று ஒரு சத்தம். நீண்டது. இன்னும் நீண்டது. மரத்தின் சத்தம் இல்லை அது.

அவள் ஓடினாள். நடைவழியில் கால் இடறியது. எழுந்தாள். ஓடினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அவன் நிறுத்தியிருந்தான். பலகைமேல் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பெருமை.

"எடுக்க எடுக்க உள்ள போயிட்டே இருந்துச்சு. விடுவேனா நான்? கடைசி வீச்சுல கொஞ்சம் கத்துச்சு, எதிர் நார். இப்பப் பாரு, ஒரு தடமும் இல்ல."

ஒரு தடமும் இல்லை. பலகை மெலிந்து, ஒரே நிறமாக, வழுவழுவென்று கிடந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வஜ்ஜிரம் கொதிக்கிற நாற்றத்தோடு மகோகனி எரிகிற இனிப்பு வாசனை. "இடம் அடைக்குதேன்னு பாதியை அடுப்புல தள்ளிட்டேன்" என்றான்.

அவள் தரையில் விழுந்தாள். சீவல்களை இரண்டு கைகளாலும் வாரினாள். கறுத்தவை, சிவந்தவை, மறுபடி கறுத்தவை. நடுநடுவே வெளுத்த சுருள்கள். அவற்றை மட்டும் பொறுக்கினாள். தரையில் வைத்துக் கட்டைவிரலால் நீவி விரித்தாள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். கையை எடுத்ததும் சுருண்டுகொண்டன. மறுபடி விரித்தாள். மறுபடி சுருண்டன.

"என்னம்மா பண்ற? ஏய், என்ன பண்ற நீ?"

அவளுக்குக் காது கேட்கவில்லை. ஒரு சுருளில் உதட்டின் வளைவு இருந்தது. ஒன்றில் வெறும் வெளுப்பு. எது எதனோடு சேரும் என்று தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

பின்னால் ரீங்காரம் கேட்டது. முதல் அடி, இரண்டாவது அடி, எல்லாம் சரியாக. குழந்தை உள்ளே வந்தது. குனிந்து, அவள் விரித்து வைத்தவற்றிலிருந்து வெளுத்த சுருள்களாகப் பார்த்து எடுத்தது. கையில் மாட்டியது. முழங்கைவரை அடுக்கியது. கையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தது. பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் எரியும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. கணவனுக்கு அது விறகின் சத்தம்.

"அப்பாடா, பழைய வண்டு வந்தாச்சு" என்றான் அவன். அவன் கண்கூடக் கலங்கியிருந்தது.

கடைசி வளையலும் போயிற்று. குழந்தை திரும்பி, எண்ணெய் தடவிய தலையைச் சாய்த்து, வண்டுவின் கண்களால் அவளைப் பார்த்தது.

"நாளைக்கும் நீதானே அம்மா?"

அவள் கையில் இன்னும் ஒரு சுருள் இருந்தது. குழந்தைக்குத் தெரியாமல் உள்ளங்கையில் மறைத்து வைத்தது. வெளுத்தது, மெல்லியது, ஊதினால் பறந்துவிடும்.

"அதையும் குடு அம்மா" என்று குழந்தை கையை நீட்டியது. "அது என்னோடது."

அவள் முஷ்டிக்குள் அந்தச் சீவல் அசைந்தது. காற்று இல்லை. மெல்ல நகர்ந்து, துழாவி, அவளுடைய ஆள்காட்டி விரலைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டு, எலும்பு நோக இறுக்கிப் பிடித்தது.